நீற்றறையும் கோபுரமும்

ஆவடியை அடுத்திருக்கும் கோவில்பதாகையின் பெயரில் ஒரு கோவிலும் ஒரு கொடியும் இருக்கின்றன. பதாகை என்றால் கொடி. தமிழ்நாட்டில் நடந்து வரும் வழிப்போக்கனுக்கு ஊர் இருக்கும் திசையைத் தொலைவிலிருந்தே காட்டும் கொடி பெரும்பாலும் கோபுரம்தான். அந்தக் கோபுரம் கல்லால் ஆனது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலான கோபுரங்களில் கல்வேலை வாயில் நிலையைத் தாண்டியதும் நின்றுவிடும். அதற்குமேல் நிலை நிலையாக எழுவது செங்கல். செங்கல்லின்மேல் நின்றும் அமர்ந்தும் நம்மைப் பார்க்கும் தேவர்களும் யாளிகளும் துவாரபாலகர்களும் சுதை வேலை. சுதை என்பது சுண்ணாம்பு. பள்ளிப் பாடநூலின் மொழியில் சொன்னால், கால்சியம் என்ற உலோகத்தின் ஆக்சைடிலிருந்து பிறந்த ஒரு பொருள்.

தங்கத்துக்கும் இரும்புக்கும் வரலாறு எழுதியவர்கள் உண்டு. சுண்ணாம்புக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. அது சுவரில் இருந்தது, வெற்றிலையில் இருந்தது, பனையில் கட்டிய கலயத்தில் இருந்தது, தோல் ஊறவைக்கும் குழியில் இருந்தது. எங்கும் இருப்பதாலேயே யார் கண்ணிலும் படவில்லை. இன்று அது ஒவ்வோர் இடமாக விலகிக்கொண்டிருக்கும்போது அதன் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது தகும்.

*

முதலில் அதன் குணத்தைப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லும் கடற்சிப்பியும் கிளிஞ்சலும் அடிப்படையில் ஒன்றே. மூன்றும் கால்சியம் கார்பனேட். காளவாயில் விறகோடும் கரியோடும் அடுக்கி ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். நூறு கிலோ தூய கல்லில் 44 கிலோ காற்றோடு போய்விட, 56 கிலோ எஞ்சும். எஞ்சுவதுதான் கால்சியம் ஆக்சைடு. சுட்ட சுண்ணாம்பு என்று நாம் சொல்வது. பார்க்கக் கல் போலவே இருக்கும், கையில் எடுத்தால் எடை குறைந்திருக்கும்.

அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் சீறும், வெடிக்கும், ஆவி எழும், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். காளவாயின் நெருப்பில் ஒரு பங்கு கல்லுக்குள் ஒளிந்திருந்து இப்போது வெளியே வருவதுபோலத் தோன்றும். அப்படித் தோன்றுவதில் தவறில்லை. கல்லைப் பிளக்கச் செலவிட்ட வெப்பத்தில் ஒரு பகுதிதான் இவ்விதம் திரும்ப வருகிறது. இதை நீற்றுதல் என்பார்கள். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாக மாறுகிறது. கல்லில் தொடங்கி, தீயையும் நீரையும் காற்றையும் கடந்து, கல்லிலேயே முடியும் பயணம் இது. கடைசிக் கட்டம் மிக மெதுவானது. தடித்த சுவரின் உட்பகுதி முழுதும் கல்லாகப் பல ஆண்டுகள் ஆகும். கொத்தனார் போய்ச் சேர்ந்த பிறகும் சுவர் வேலை செய்துகொண்டே இருக்கும்.

தமிழ் இந்த மாற்றங்களைக் கவனித்துப் பெயரிட்டிருக்கிறது. நீறு என்ற சொல்லுக்குச் சாம்பல் என்றும் பொருள், சுண்ணாம்பு என்றும் பொருள். எரிந்து எஞ்சுவதெல்லாம் நீறு. நெற்றியில் இடுவது திருநீறு. மலையாளத்தில் சுண்ணாம்பை இன்றும் நூறு என்றே சொல்கிறார்கள். சுண்ணம் என்பது பொடி. பழைய இலக்கியத்தில் அது பூசிக்கொள்ளும் நறுமணப் பொடி. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் அந்தப் பொடி இடிக்கும் பாட்டு. அதே சொற்குடும்பம் ஆங்கிலேயரின் வாயில் புகுந்து ‘சுனாம்’ ஆகி அவர்களது அகராதியிலும் ஏறிவிட்டது.

*

தமிழ் வரலாற்றில் சுண்ணாம்பு இருமுறை அரசனின் அவைக்கு வருகிறது. விந்தை என்னவென்றால் இருமுறையும் ஒரே அரசனின் அவை.

முதலாவது, விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டு. அங்கே பாறையைக் குடைந்து எடுத்த குகைக்கோவிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோவிலை எடுத்தவன் விசித்திரசித்தன் என்று அது அறிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. இல்லாதவற்றைப் பட்டியலிட்டுப் பெருமை கொள்ளும் இந்தக் கல்வெட்டு, தன்னை அறியாமலேயே இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறது. அதுவரை கோவில் என்றால் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும்தான். இவை இல்லாமல் கட்டியதுதான் செய்தி.

இரண்டாவது, திருநாவுக்கரசரின் கதை. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அவரைப் பல்லவ மன்னன் ஏழு நாள் நீற்றறையில் அடைத்தான் என்றும், அவர் வாடாமல் வெளியே வந்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. நீற்றறை என்றால் சுண்ணாம்புக் காளவாய். மனம் மாறிய மன்னன் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று அதே நூல் கூறுவதாலும், குணபரன் என்பது மகேந்திரனின் பெயர் என்று கல்வெட்டுகளால் தெரிவதாலும், அந்த மன்னன் மகேந்திரனே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சேக்கிழார் இதை எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில், நிகழ்ச்சிக்கு ஐந்து நூற்றாண்டுகள் கழித்து. ஆகவே இதை ஆவணமாக அல்லாமல் அடியாரின் கதையாகவே வாசிக்க வேண்டும்.

ஆனால் கதைக்குள் இருக்கும் பொருள் உலகம் சேக்கிழார் அறிந்ததே. அவர் பிறந்த குன்றத்தூர், பூந்தமல்லியைத் தாண்டினால் வந்துவிடும். கோவில்பதாகை இருக்கும் இதே தொண்டை நாட்டு நிலம். அரசனின் அமைச்சராக இருந்தவர், கட்டுமானப் பணிகளைக் கண்ணால் பார்த்திருப்பார். மனிதன் உண்டாக்கும் நெருப்புகளில் எது கடுமையானது என்று அவருடைய வாசகனிடம் கேட்டால் அவன் காட்டக்கூடிய இடங்களில் ஒன்று காளவாய். கல்லே உருக்குலைந்து பொடியாகும் இடத்தில் ஓர் உடல் குளிர்ந்திருந்தது என்பதே அற்புதம். காளவாயைக் கண்டிராத இன்றைய வாசகனுக்கு அந்த அற்புதத்தின் பாதி விளங்காது.

மகேந்திரனின் வீம்பை அவனுக்குப் பின்வந்தவர்கள் பாதிதான் ஏற்றார்கள். கருவறையும் மண்டபமும் கல்லாயின. கோபுரத்தின் மேல்நிலைகள் செங்கல்லையும் சுதையையும் விடவில்லை. காரணம் எளிது: உயரம் கூடக்கூடப் பாரம் குறைய வேண்டும். இன்னொரு காரணம் கலை சார்ந்தது. உளியால் செதுக்குபவன் கல்லிலிருந்து வேண்டாததை நீக்குகிறான். சுதைக்காரன் ஒன்றுமில்லாததிலிருந்து சேர்த்துச் சேர்த்து உருவம் எழுப்புகிறான். அந்தக் கலை மகேந்திரனுக்கும் மூத்தது. புகார் நகரத்து மாடங்களில் வானவர் முதலாக எல்லா உயிர்களின் வடிவங்களையும் வெண்சுதையால் வித்தகர்கள் அமைத்திருந்ததையும், வீதியில் சென்றவர்கள் அவற்றை நின்று பார்த்ததையும் மணிமேகலையின் ‘மலர்வனம் புக்க காதை’ காட்டுகிறது.

சுவரோவியமும் சுண்ணாம்பின் கொடைதான். ஈரம் உலராத சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணத்தைத் தீட்டினால், பூச்சு கல்லாகும்போது வண்ணத்தையும் தன்னுள் பிடித்துக்கொள்ளும். பசை எதுவும் தேவையில்லை. தஞ்சைப் பெரிய கோவிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சுகளை ஆராய்ந்து, சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டப்பட்டது என்று காட்டினார். ஆயிரம் ஆண்டுகளாக அந்த வண்ணங்களைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய சுண்ணாம்புப் படலம்.

*

ஆங்கிலேயர் சென்னையில் குடியேறியபோது அருகில் நல்ல சலவைக்கல் கிடையாது. ஆனால் பழவேற்காடு, எண்ணூர்க் கழிகளில் கிளிஞ்சல் குவிந்து கிடந்தது. கிளிஞ்சலைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு கற்சுண்ணாம்பைவிட வெண்மையானது, மண் கலப்பு குறைந்தது. கற்சுண்ணாம்பைக் கட்டுக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பை மேற்பூச்சுக்கும் பயன்படுத்தும் வழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்தது. வந்தவர்கள் அதை வியப்போடு கற்றுக்கொண்டார்கள்.

அந்த வியப்பின் ஆவணம் ஒன்று லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இருக்கிறது. செயின்ட் ஹெலீனா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் மிகச் சிறந்த காரை செய்யப்படும் முறையை எழுதி அனுப்ப, அது 1732 வாக்கில் அச்சானது. பதினைந்து புஷல் மணல், பதினைந்து புஷல் கற்சுண்ணாம்பு, இருபது பவுண்டு வெல்லம் என்று அது அளவு சொல்லிப்போகிறது. தானியத்தை வேகவைத்து வடித்த கஞ்சி, கடுக்காயைக் கொதிக்கவைத்து இறக்கிய சாறு, உயர்ந்த பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் என்று தொடர்கிறது. படிக்கும்போது கட்டடக் கலைக் குறிப்பா சமையல் குறிப்பா என்று ஐயம் எழும். நம் கொத்தனார்கள் வாய்வழியாகவே வைத்திருந்த ஒன்று, நியூட்டனின் சபையில் அச்சேறியது.

பைக் அதன் காரணத்தைச் சொல்லவில்லை. இன்றைய வேதியியல் ஓரளவு சொல்கிறது. சர்க்கரை சுண்ணாம்போடு கூடி அதன் கரைதிறனைப் பெருக்குகிறது, குறைந்த தண்ணீரிலேயே காரை குழைய வழி செய்கிறது. தயிரிலும் முட்டையிலும் உள்ள புரதங்கள் சுண்ணாம்போடு சேர்ந்து நீரை ஒட்டவிடாத தன்மையைத் தருகின்றன. கடைசிப் பூச்சை வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தால் முகம் பார்க்கும் பளபளப்பு வரும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1680இல் திறக்கப்பட்ட கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தின் கூரையில் மரம் இல்லை. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி தடித்த வளைவாகச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டினார்கள். மகேந்திரன் விலக்கிய நான்கில் இரண்டை மட்டும் நம்பி எழுந்த கட்டடம் அது. 1780இல் சென்னை வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், நகரத்துக் கட்டடங்களின் வெண்பூச்சைச் சலவைக்கல்லுக்கு நிகராக வைத்துத் தம் பயணநூலில் எழுதினார். 1802இல் கட்டப்பட்ட விருந்து மண்டபமும் (இன்றைய ராஜாஜி மண்டபம்), 1815இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் பேராலயமும் இந்த வெண்மையின் பிள்ளைகள். கடலிலிருந்து பார்த்தவர்கள் கிரேக்க நகரம் என்று மயங்கியது உண்மையில் பழவேற்காட்டுக் கிளிஞ்சலைப் பார்த்து.

*

கட்டடத்துக்கு வெளியேயும் சுண்ணாம்பு உழைத்தது. பனையில் வடியும் சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கும், கிடைப்பது பதநீர். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்த பிறகு, சட்டத்துக்கு உட்பட்ட பானத்துக்கும் உட்படாத பானத்துக்கும் நடுவே நின்றது ஒரு விரல் சுண்ணாம்பு. இதில் ஓர் அழகான வட்டமும் இருக்கிறது. சுண்ணாம்பு காத்த பதநீர் காய்ந்து கருப்பட்டியாகிறது. கருப்பட்டி கரைந்து மீண்டும் சுண்ணாம்புக் காரைக்கே வந்துசேர்கிறது.

அதன் கொடுமையையும் மறைக்கக்கூடாது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்ற பழமொழி, ஓரவஞ்சனைக்கு நம் முன்னோர் தேடிய உவமை. அது காளவாயைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கண்டு சொன்னது. சுண்ணாம்பின் காரம் கண்ணில் பட்டால் திசுக்களை அரித்துக்கொண்டே உள்ளே போகும், பார்வையையே பறிக்கும். காளவாயில் வெந்த கைகளையும் நீற்றும்போது தெறித்துப் பழுதான கண்களையும் எந்தக் கல்வெட்டும் குறிக்கவில்லை. வெற்றிலையின் சிவப்பைத் தருவதும் பாக்கின் போதையை விடுவிப்பதும் அதே காரம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத தாம்பூலத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் வரிசையில் வைத்தது.

அறிவியல் வரலாற்றிலும் இந்த எளிய பொருளுக்குப் பெரிய இடமுண்டு. 1750களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் சுண்ணாம்புக்கல் சுடும்போது இழக்கும் எடையைத் தராசில் நிறுத்து ஆராய்ந்து, கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த ஒரு வாயுவை அடையாளம் கண்டார். கரியமில வாயுவின் அறிமுகம் அப்படித்தான் நிகழ்ந்தது. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தின் உதவியால் சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்தபோதுதான், இத்தனை ஆயிரம் ஆண்டுகள் வீட்டுச் சுவரில் இருந்தது ஓர் உலோகத்தின் ஆக்சைடு என்று மனிதகுலத்துக்குத் தெரிந்தது. 2,600 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், கடும் சுடரில் சுண்ணாம்புத் துண்டைக் காட்டினால் அது உருகாமல் கண்கூசும் வெள்ளொளி வீசும். தாமஸ் டிரம்மண்ட் 1820களில் அயர்லாந்தின் நில அளவைக்கு அதைப் பயன்படுத்தினார். பிறகு அது நாடக மேடைக்குப் போயிற்று. புகழ் வெளிச்சத்துக்கு ஆங்கிலத்தில் ‘லைம்லைட்’ என்ற பெயர் அதனால் வந்தது. புகழின் பெயரில் சுண்ணாம்பு இருக்கிறது, சுண்ணாம்புக்குப் புகழ் இல்லை.

*

அதை வீழ்த்திய பொருளும் சென்னையிலேயே பிறந்தது. இந்தியாவின் முதல் போர்ட்லண்ட் சிமெண்ட் 1904இல் சென்னையில் தயாரிக்கப்பட்டது. அந்தத் தொழிற்சாலை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது கடற்சிப்பியை. முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை; 1914இல் போர்பந்தரில் தொடங்கியதே நிலைத்தது. ஆயினும் வாரிசு தாயின் மடியிலிருந்தே எழுந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிமெண்டிலும் பெரும்பங்கு சுண்ணாம்புதான். களிமண்ணோடு சேர்த்து இன்னும் கடுமையாகச் சுட்டு, அதன் பொறுமையை எரித்துவிட்டார்கள். மாதங்கள் கேட்ட வேலையைச் சிமெண்ட் நாட்களில் முடித்தது. பெருகும் நகரத்துக்கு அந்த வேகம் தேவைப்பட்டது. அதில் குறை காண முடியாது. அம்பத்தூரும் ஆவடியும் தொழிற்சாலைகளாகவும் குடியிருப்புகளாகவும் விரிந்தது அந்த வேகத்தில்தான்.

இந்த வட்டாரத்தில் இன்றும் அங்கங்கே பழைய வீடுகள் இடிபடுகின்றன. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய ‘மெட்ராஸ் டெரஸ்’ தளங்கள் அவற்றோடு போகின்றன. அந்தச் சுவர்களின் செங்கல்லை மட்டும் வாங்கிப்போக ஆள் வருவார்கள். சுண்ணாம்புக் காரை தட்டினால் உதிரும், செங்கல் முழுதாக மிஞ்சும். சிமெண்டில் கட்டியதை இடித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கட்டட இடிபாடுதான்.

சுண்ணாம்பின் மென்மை பலவீனம் அல்ல என்பதற்கு இது ஒரு சான்று. கட்டடம் சற்றே அசைந்தால் காரை விட்டுக்கொடுக்கும், கல்லும் செங்கல்லும் பிழைக்கும். மழையில் ஊறிய ஈரம் அதன் நுண்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறும். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசும்போது இந்த இரண்டு வழியும் அடைபடுகின்றன. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பைச் சுமந்துகொண்டு, பழைய பூச்சைப் பின்னாலிருந்து பொடியாக்குகிறது. வெளியே பார்த்தால் சுவர் புதிதாக இருக்கும், உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

நம் கோவில்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற பெயரில் நிகழும் திருப்பணி முதலில் சுண்ணாம்பின் இயல்பை அறிந்து அமைந்த ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. சுதை தேயும், உதிரும், மறுபடி பூசப்படும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவன் அந்தக் கையை இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. இன்று பல ஊர்களில் உதிர்ந்த விரலைச் சிமெண்டால் ஒட்டி, முகத்தின்மேல் எனாமல் வண்ணம் அடித்துவிடுகிறார்கள். பக்தி குறையவில்லை, பணமும் குறையவில்லை. குறைந்திருப்பது சுண்ணாம்பை மாதக்கணக்கில் ஊறவைத்துக் காத்திருக்கும் பொறுமை.

நம்பிக்கைக்கு இடம் இல்லாமல் இல்லை. 2012 ஜனவரியில் தீக்கு இரையான சேப்பாக்கத்துக் கலச மகாலைப் பொதுப்பணித்துறை மீட்டபோது சுண்ணாம்புக் காரையையே நாடியது. கடுக்காயும் கருப்பட்டியும் மறுபடியும் அரசுப் பணியின் பொருட்பட்டியலில் ஏறின. எல்லா வீட்டையும் சுண்ணாம்பால் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. காளவாயும் புகை கக்குவதுதான். கல் இழந்த கரியமில வாயுவைச் சுவர் திரும்ப எடுத்துக்கொண்டாலும் விறகின் புகையை எடுத்துக்கொள்ளாது. கழிகளில் கிளிஞ்சலை வரம்பின்றித் தோண்டினால் கழி சாகும். கேட்பது இவ்வளவே: சுண்ணாம்பால் எழுந்ததைச் சுண்ணாம்பால் பழுது பாருங்கள். அதற்குத் தெரிந்த கைகள் சில இன்னும் இருக்கின்றன. அவை ஓய்வதற்குள் அவற்றின் அருகே சில இளைஞர்களை உட்காரவையுங்கள்.

சுண்ணாம்பு இல்லாமல் கட்டினேன் என்று பாறையில் எழுதிவைத்தான் ஓர் அரசன். தன் காலத்தில் சுண்ணாம்பு எவ்வளவு எங்கும் நிறைந்திருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை. நாமும் சுண்ணாம்பு இல்லாமல்தான் கட்டுகிறோம். ஒரு வேறுபாடு உண்டு. எதை விலக்குகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.